இருவர் பெயரில் ஒரு வீடு

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு வீடு என்பது வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும் அன்று. இந்த ஊரில் நமக்கும் ஓர் இடம் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. புனே நகரத்தில் தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறார்கள். 1869-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கடக்கி வெடிமருந்துத் தொழிற்சாலை, இராணுவத்தின் தென்பிராந்தியத் தலைமையகம், ரயில்வே, 1954-இல் பிம்பிரியில் தோன்றிய மருந்துத் தொழிற்சாலை, நம் காலத்தில் ஹிஞ்ஜவடியில் எழுந்துள்ள கணிப்பொறி நிறுவனங்கள் என, தலைமுறைக்கு ஒன்றாக ஏதேனும் ஒரு வாயில் அவர்களை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வந்தவர்கள் முதலில் வாடகைக்கு இருந்தார்கள். பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்து வீடு வாங்கினார்கள்.

அந்த வீட்டுக்குக் கணவன் சம்பளத்தை வைத்தான். மனைவி கழுத்து நகையை வைத்தாள், அல்லது அவளும் உத்தியோகம் பார்த்து மாதத் தவணையில் பாதியைச் செலுத்தினாள். கிரகப்பிரவேசத்தன்று இருவரும் சேர்ந்தே பால் காய்ச்சினார்கள். ஆனால் பத்திரத்தில் யார் பெயர் எழுதப்பட்டது? இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் நீண்டதொரு சரித்திரம் இருக்கிறது. அச்சரித்திரத்தின் சில முக்கியமான ஏடுகள் இதே புனே ஜில்லாவில் எழுதப்பட்டவை என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

பத்திரம் எழுதுவதில் புனே பழைமையான ஊர். பேஷ்வாக்களின் ஆட்சிக் காலத்து நிலப் பதிவுகளும், மானியப் பட்டயங்களும், வரிக் கணக்குகளும் மோடி என்னும் விரைவெழுத்தில் எழுதப்பெற்று, துணியில் மூட்டை மூட்டையாகக் கட்டிவைக்கப்பட்டன. 'பேஷ்வா தப்தர்' என்று பெயர் பெற்ற அந்த ஆவணக் களஞ்சியம் இன்றும் புனேயில் இருக்கிறது. சரித்திராசிரியர் கோவிந்த சகாராம் சர்தேசாய் அதிலிருந்து தேர்ந்தெடுத்த கடிதங்களை 1930-களின் தொடக்கத்தில் 45 தொகுதிகளாகப் பதிப்பித்தார். தமிழருக்கு இந்த மோடி எழுத்து முற்றும் அந்நியமன்று. மராட்டிய மன்னர்கள் ஆண்ட தஞ்சாவூரிலும் அரண்மனைக் கணக்குகள் இதே எழுத்தில்தான் எழுதப்பட்டன. சரஸ்வதி மகால் நூலகத்தில் அவற்றைக் காணலாம். தஞ்சையும் புனேயும் ஒரே எழுத்தில் கணக்கெழுதிய காலம் ஒன்று இருந்தது.

1818-இல் பேஷ்வாவின் ஆட்சி முடிந்து ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. அதற்கு முன்பு ஒரு நிலம் யாருடையது என்பதற்குப் பத்திரத்தோடு ஊராரின் நினைவும் சாட்சியாக நின்றது. புதிய நீதிமன்றங்களோ முதலில் காகிதத்தைக் கேட்டன. 1864-ஆம் ஆண்டில் அசையாச் சொத்து பற்றிய ஆவணங்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. எழுத்தறியாத குடியானவன், தான் கைநாட்டு வைத்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே நிலத்தை இழந்தான்.

அந்த வேதனை 1875-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் வெடித்தது. புனே ஜில்லாவிலுள்ள சுபே என்னும் சந்தைக் கிராமத்தில் குடியானவர்கள் திரண்டு, வட்டிக்கடைக்காரர்களின் கடைகளைத் தாக்கினார்கள். அவர்கள் தேடியது பொன்னையோ பொருளையோ விட முக்கியமாகப் பத்திரங்களை. கடன் சீட்டுகளையும் கணக்குப் புத்தகங்களையும் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். கலகம் அகமத்நகர் ஜில்லாவிலும் பரவியது. தக்காணக் கலகம் என்று சரித்திரம் கூறும் இந்நிகழ்ச்சியின் பயனாக, 1879-இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் இயற்றப்பட்டது. குடியானவர் எழுதிக்கொடுக்கும் ஆவணங்களைக் கிராமப் பதிவாளர் முன்னிலையில், அவர்களுக்குப் பொருள் விளங்கும்படி எழுதவேண்டும் என்ற ஏற்பாடு அதில் இடம் பெற்றது. பத்திரம் ஏழைக்குப் பகையாகவும் இருக்கலாம், துணையாகவும் இருக்கலாம். அதில் யார் பெயர், எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சுபே கிராமத்துத் தீ நமக்குச் சொல்லும் பாடம் இது.

1882-இல் சொத்து மாற்றுச் சட்டம் பிறந்தது. ஆனால் பம்பாய் மாகாணத்துக்கு அது 1893-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள்தான் வந்து சேர்ந்தது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு அல்லது நிலத்தைப் பதிவு செய்த ஆவணத்தினால்தான் விற்க முடியும். தானமாகக் கொடுப்பதானால், மதிப்பு எதுவாயினும், பதிவும் வேண்டும், இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் வேண்டும், கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே பெறுபவர் அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும் என்பன அச்சட்டத்தின் விதிகள். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இந்த முறையை இன்றுள்ள வடிவத்தில் நிலைநிறுத்தியது.

இவ்வளவு சட்டம் இருந்தும், பத்திரத்தில் மனைவிக்கு என்ன இடம் இருந்தது? இங்கிலாந்தின் பழைய சட்டம் கணவனும் மனைவியும் ஒருவரே என்றது. அந்த ஒருவர் கணவன்தான் என்பது அதன் நடைமுறைப் பொருள். 1882-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்நாட்டு மனைவி தன் சொத்தைத் தன் சொத்தாக வைத்துக்கொள்ளும் முழு உரிமை பெற்றாள். நம் நாட்டில் ஸ்திரீதனம் என்ற தனி உடைமை பண்டு தொட்டே பெண்ணுக்கு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் நகையும் பாத்திரமுமாக நின்றுவிட்டது. வீடும் நிலமும் ஆண்வழியே சென்றன.

கணவன் தன் பணத்தில் மனைவி பெயரில் வீடு வாங்கினால் அது யாருடையது? சென்னை மாகாணத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 1925-இல் லண்டன் பிரிவி கவுன்சில் இதற்கு விடை கூறியது. வேறு சாட்சியம் இல்லாதவரை அது பினாமி வாங்குதலே. உண்மை உரிமையாளர் கணவனே என்பது அத்தீர்ப்பு. காகிதத்தில் பெயர் இருந்தும் கையில் உரிமை இல்லாத நிலை அது. சுமார் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1988-ஆம் ஆண்டுப் பினாமித் தடைச் சட்டம் இதைத் தலைகீழாக மாற்றியது. மனைவி பெயரில் வாங்கிய சொத்து, மாறாக நிரூபிக்கப்படாதவரை, மனைவியின் நலனுக்காகவே வாங்கப்பட்டதாகக் கொள்ளவேண்டும் என்று அது விதித்தது. 2016-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, கணக்கில் தெரியும் வருமானத்தைக் கொண்டு கணவனோ மனைவியோ மற்றவர் பெயரில் வாங்கும் சொத்து பினாமி ஆகாது என்ற விலக்கு இடம் பெற்றது.

இதற்கிடையே பெண்ணின் வாரிசுரிமையும் வளர்ந்து வந்தது. புனேயின் கஞ்ச் பேட்டையில் வாழ்ந்த மகாத்மா ஜோதிராவ் புலே, 1887-ஆம் ஆண்டிலேயே உயில் எழுதி, மனைவி சாவித்திரிபாயும் வளர்ப்பு மகன் யசுவந்தும் தம் உடைமைக்கு உரியவர்களாகும்படி செய்தார். 1849-இல் கல்விப் பணி காரணமாகத் தந்தையின் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த தம்பதி அவர்கள். தலைக்கு மேல் ஒரு கூரை என்பதன் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தேசம் முழுவதற்குமான சட்டம் அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1937-இல் வந்தது. அதுவும் விதவைக்கு ஆயுட்கால அனுபவ உரிமையை மட்டுமே தந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுச் சட்டம் அந்த அரைகுறை உரிமையை முழு உரிமையாக்கியது. தந்தையின் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989-லும், மகாராஷ்டிரம் 1994-லும், நாடு முழுவதும் 2005-லும் ஏற்றுக்கொண்டன.

இல்லறத்தில் சேர்த்த பொருள் இருவருக்கும் பொது என்ற எண்ணம் தமிழருக்குப் புதியதா என்றால், இல்லை. யாழ்ப்பாணத்துத் தமிழரிடையே வழங்கிய தேசவழமையை, டச்சு அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் 1707-இல் எழுத்தில் தொகுத்தார். அதில் சொத்து மூன்று வகை: கணவன் வழி வந்தது முதுசம், மனைவி கொண்டுவந்தது சீதனம், மணவாழ்க்கையில் இருவரும் தேடிச் சேர்த்தது தேடிய தேட்டம். இந்தத் தேடிய தேட்டத்தில் கணவன் மனைவி இருவருக்கும் சமபங்கு. நிர்வாகம் கணவன் கையில் இருந்தது என்பது உண்மையே. ஆயினும், சேர்ந்து தேடியது சேர்ந்தவர்க்கே என்ற கொள்கைக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! புனேக்கு அண்டையிலுள்ள கோவாவிலும், 1867-ஆம் ஆண்டின் போர்த்துகீசியச் சிவில் சட்டத்தின் வழிவந்த முறைப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில் தம்பதியின் சொத்து இருவருக்கும் பொதுவே. நாட்டின் பிற பகுதிகளில் அப்படியன்று. திருமணம் செய்துகொண்டதனால் மட்டும் மனைவி வீட்டின் உடைமையாளர் ஆவதில்லை. பத்திரம்தான் அவளை அவ்வாறு ஆக்கவேண்டும்.

இந்த இடத்தில் புனே ஜில்லா மீண்டும் சரித்திரத்துக்குள் வருகிறது. சாகண் அருகேயுள்ள ஆம்பேடாண் கிராமத்தில், வெளிநாட்டு உத்தியோகத்தை விட்டு வந்து பயிர்த்தொழில் செய்தவர் ஷரத் ஜோஷி. விளைபொருளுக்கு நியாயமான விலை வேண்டும் என்று 'ஷேத்கரி சங்கடனா' என்ற விவசாயிகள் இயக்கத்தை அவர் நடத்தினார். 1986 நவம்பரில் நாசிக் ஜில்லாவின் சாந்த்வட் என்னும் ஊரில் அவ்வியக்கத்தின் பெண்கள் மாநாடு கூடியது. கிராமத்துப் பெண்கள் பெருந்திரளாக வந்து கலந்துகொண்டார்கள்.

அந்த விழிப்பிலிருந்து 1980-களின் இறுதியில் பிறந்தது 'லக்ஷ்மி முக்தி' இயக்கம். விவசாயிகள் சர்க்காரிடம், எங்கள் உழைப்புக்கு விலை கொடு என்று கேட்கிறார்கள். அப்படியானால் வயலிலும் வீட்டிலும் கூலியின்றி உழைக்கும் வீட்டு லட்சுமிக்கு அவர்கள் பட்ட கடன் என்ன ஆயிற்று? இதுவே இயக்கத்தின் கேள்வி. நிலத்தில் ஒரு பகுதியைக் கணவன் மனமுவந்து மனைவி பெயருக்கு எழுதிவைக்க வேண்டும். நூறு குடும்பங்களுக்குக் குறையாமல் அவ்வாறு செய்த கிராமம் லக்ஷ்மி முக்தி கிராமம் என்று கௌரவிக்கப்பட்டது. ஜல்கான் ஜில்லாவின் விட்நேர் கிராமம் அவ்வாறு முன்வந்தவற்றுள் ஒன்று. நூறாண்டுகளுக்கு முன் பத்திரத்தைக் கொளுத்திய குடியானவரின் வழிவந்தவர்கள், இப்போது மனைவியின் பெயரைக் கணக்கில் ஏற்றுவதற்காகத் தலாட்டியின் சாவடியில் காத்து நின்றார்கள்.

அரசாங்கமும் பின்தொடர்ந்தது. 1992-இல் மகாராஷ்டிர அரசு, கணவன் விண்ணப்பித்தால் நிலத்தின் 'ஸாத்பாரா' கணக்கில் மனைவியின் பெயரையும் கூட்டுரிமையாளராகச் சேர்க்க வழிசெய்தது. 2003-இல் 'கர் தோகாஞ்சே', அதாவது 'வீடு இருவருக்கும் உரியது', என்ற இயக்கத்தைத் தொடங்கி, கிராமப் பஞ்சாயத்தின் வீட்டுப் பதிவேட்டில் கணவன் மனைவி இருவர் பெயரையும் எழுதச் சொன்னது.

இவற்றிலுள்ள குறைகளையும் மறைக்கலாகாது. கணவன் மனம் வைத்தால்தான் இவை நடக்கும். உரிமை என்பதைவிட உபகாரமாகவே அமைந்தன. மேலும், ஸாத்பாராவும் பஞ்சாயத்துப் பதிவேடும் வரிக்கான கணக்குகள். அவற்றில் பெயர் இருப்பது அனுபவத்துக்குச் சான்றாகலாம்; பத்திரத்துக்கு அது ஈடாகாது. நம் ஊரில் பட்டாவும் கிரயப் பத்திரமும் வேறு வேறு என்று சொல்வோமே, அதே நுட்பம்தான் இங்கும்.

புனேயில் வாழும் நம்மவர் பெரும்பாலோர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். ஆகவே சில செய்திகளை விளங்கச் சொல்லவேண்டும்.

வாங்கும்போதே கிரயப் பத்திரத்தில், மராத்தியில் 'கரேதிகத்' என்பதில், இருவர் பெயரையும் எழுதுவதே எளிய வழி. பங்கு இன்னதென்று குறிப்பிடலாம். குறிப்பிடாவிட்டால், அவரவர் கொடுத்த பணத்தின் அளவே பங்காகும். அதற்குச் சான்று இல்லையென்றால் சமபங்கு என்று சட்டம் கொள்ளும். மகாராஷ்டிர அரசு 2021-இல் பெண்கள் வாங்கும் குடியிருப்புக்கு முத்திரைத் தீர்வையில் நூற்றுக்கு 1 வீதம் சலுகை தந்தது. வாங்குபவர் பெண்ணாக மட்டும் இருக்கும் பத்திரத்துக்கே அது பொருந்தும். அச்சலுகைக்காகவே மனைவி பெயரில் மட்டும் எழுதுவோரும் உண்டு. அது குடும்பத்தின் சௌகரியத்தைப் பொறுத்தது.

கணவன் பெயரில் ஏற்கனவே உள்ள வீட்டில் பாதியை மனைவிக்கு மாற்றுவதற்குத் தானப் பத்திரம் எழுதலாம். இங்கே அதன் பெயர் 'பக்ஷீஸ்பத்ர'. நம் ஊரில் செட்டில்மெண்ட் பத்திரம் என்று வழங்குவதும் பெரும்பாலும் இந்த நோக்கத்துக்கே. 2015 முதல் மகாராஷ்டிரத்தில் கணவன், மனைவி, மகன், மகள், பேரக்குழந்தைகள் ஆகியோருக்குக் குடியிருக்கும் வீட்டைத் தானமாகக் கொடுக்க முத்திரைத் தீர்வை 200 ரூபாயே. மருமகளைப் பொறுத்தவரை, மகன் இறந்துவிட்டிருந்தால்தான் இச்சலுகை. ஆகவே மகனுக்கும் மருமகளுக்கும் சேர்த்து வீட்டைக் கொடுக்க விரும்பும் பெற்றோர், மருமகளின் பங்குக்கு வேறு தீர்வை உண்டு என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. பிற வரிகளும் நடப்பு விகிதங்களும் சார்பதிவாளர் அலுவலகத்தில் தெரியும். வீட்டின்மேல் வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும்.

தானம் கொடுத்தபின் மனம் மாறினால் திரும்பப் பெற இயலாது என்பதைக் கொடுப்போர் நினைவில் வைக்கவேண்டும். முதியவர்கள் தங்களைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைத்தால், அது மீறப்படும்போது 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் துணைக்கு வரும்.

பதிவு முடிந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் பங்குச் சான்றிதழிலும் இருவர் பெயரும் ஏறவேண்டும். அங்கே நியமனதாரராகப் பெயர் கொடுத்திருப்பதே போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். நியமனதாரர் சங்கத்தோடு தொடர்பு கொள்ளத் தக்கவர், அவ்வளவே. உரிமை வாரிசுகளுடையது என்பதை உச்ச நீதிமன்றம் 2016-இலும் தெளிவாக்கியது.

எல்லாவற்றினும் பெரிய தவறான எண்ணம் ஒன்று உண்டு. இருவர் பெயரில் பத்திரம் இருந்தால், ஒருவர் காலமானதும் முழு வீடும் மற்றவருக்கு வந்துவிடும் என்பது அது. ஆங்கில நாட்டுக் கூட்டுரிமையில் அவ்வாறு நடக்கும். நம் நாட்டில் கூட்டுக் குடும்பத்துக்கு வெளியே அம்முறை இந்துச் சட்டத்துக்குத் தெரியாதது என்று பிரிவி கவுன்சில் 1896-இலேயே கூறிவிட்டது. இறந்தவரின் பாதி அவருடைய வாரிசுகளுக்கே செல்லும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. உயில் எழுதாமல் காலமாகிறார். மனைவி, இரண்டு குழந்தைகள், தாயார் ஆகிய நால்வர் இருக்கிறார்கள். பத்திரத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தால், இந்து வாரிசுச் சட்டப்படி மனைவிக்குக் கிடைப்பது நாலில் ஒரு பங்கு, அதாவது எட்டில் இரண்டு. இருவர் பெயரும் சமமாக இருந்திருந்தால், அவளுடைய சொந்தப் பாதி எட்டில் நான்கு. கணவனின் பாதியில் அவள் பங்கு எட்டில் ஒன்று. ஆக எட்டில் ஐந்து. பத்திரத்தில் ஒரு பெயர் கூடியதால் வந்த வேறுபாடு இது. எட்டில் இரண்டு உடையவள் பிறர் தயவில் இருக்கிறாள். எட்டில் ஐந்து உடையவளைக் கேளாமல் எவரும் அந்த வீட்டைப் பற்றித் தீர்மானிக்க முடியாது. மீதிக்கும் மனக்கசப்பு வராதிருக்க, இருவரும் ஆளுக்கோர் உயில் எழுதிவைப்பது அறிவுடைமை.

உற்றாரும் உறவினரும் கூப்பிடு தொலைவில் உள்ள சொந்த ஊரில், ஒரு பெண்ணுக்கு நேரும் அநியாயத்தைத் தட்டிக் கேட்க நாலு பேர் வருவார்கள். புறநாட்டில் அந்த நாலு பேர் இல்லை. மொழியும் வழக்கமும் வேறான ஊரில், கணவனை இழந்த பெண் சார்பதிவாளர் அலுவலகத்தின் வாயிலில் நிற்கும்போது, அவளுக்காகப் பேசக்கூடியது ஒரே ஒரு காகிதம். பேஷ்வாக்கள் காலத்து மோடிச் சுருள்கள் எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகும் யார் எதற்கு உரியவர் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. நம் வீட்டுப் பெட்டியில் உள்ள பத்திரமும் ஒருநாள் அவ்வாறு பேசவேண்டியிருக்கும்.

ஆகவே நேயர்கள் இன்று மாலை ஓய்வு கிடைக்கும்போது அந்தப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்தே படியுங்கள். தேடியவர் இருவரென்றால், தேட்டமும் இருவர் பெயரில் இருப்பதே முறை.